டாங்கியின் பாவாடை

மாமா கொண்டுவந்த பெட்டியில் டாங்கி இருந்தது. அதன் பாவாடை இல்லை.

1982ஆம் வருஷம், மே மாத விடுமுறை. நான் எட்டாவது முடித்திருந்தேன். மெட்ராஸிலிருந்து ஹர்ஷவர்தனா கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வந்த மாமா, முறுக்கு டின், அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை, அப்பளக் கட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, கடைசியில் அந்தப் பெட்டியை என் மடியில் வைத்தார். ஜப்பானியக் கம்பெனி ஒன்று செய்த சென்டூரியன் டாங்கி, 1/35 அளவு. கப்பல் டிக்கெட்டுக்குக் காத்திருந்த நாட்களில் மெட்ராஸில் ஒரு பழைய பொருள் கடையில் கண்ணில் பட்டதாம். யாரோ வாங்கி, பிரித்து, செய்யாமல் விட்டது. செய்முறைத் தாளை விரித்து ஒவ்வொரு துண்டாக எண்ணினேன். சக்கரங்கள் சரி, குழல் சரி. இரண்டு பக்கமும் சக்கரங்களை மூடித் தொங்க வேண்டிய நீளத் தகடுகளை மட்டும் காணோம்.

"படத்துல இருக்கு மாமா, பெட்டியில இல்ல" என்றேன். மாமாவின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்ததும் ஏன் வாய் திறந்தோம் என்றிருந்தது எனக்கு.

"டாங்கிக்கு எதுக்குடா பாவாடை?" என்றாள் அம்மா, படத்தைப் பார்த்து. அந்தப் பேர் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. ராணுவத்திலும் அதை ஸ்கர்ட் என்றுதான் சொல்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பாட்டி மட்டும் பெட்டியைத் தொடவில்லை. மூடியில் இருந்த எழுத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். "இது அவங்க எழுத்துதானே?" என்று கேட்டுவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். 1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. 1945 அக்டோபர் வரை அவர்கள் கையில் இருந்த ஊர் இது. விமானத் தளம் போட ஆட்களை விரட்டி விரட்டி வேலை வாங்கியதையும், அரிசி இல்லாமல் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்றதையும் தவிர அந்தக் காலத்தைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. மற்றதைக் கேட்கக் கூடாது என்று அப்பா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். அன்று இரவு அப்பா, பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை எடுத்து, கஞ்சிப் பசை தடவி, பெட்டி மூடி முழுவதையும் மூடி ஒட்டினார். அதன் பிறகு பாட்டி அந்தப் பெட்டி இருந்த அறைக்குள் வந்து போனாள்.

அப்பா ஃபீனிக்ஸ் பேயில் இருந்த மரைன் டாக்யார்டில் தகர வேலைக்காரர். எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் கீழே விரிகுடாவும், பழுதுபார்க்கக் கரையேற்றி வைத்த படகுகளும் தெரியும். காலைச் சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அவர் மரைன் ஹில் இறக்கத்தில் நடக்கத் தொடங்குவார். மாலையில் ஏறி வரும்போது சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு துண்டு இருக்கும்: வாஷர், பித்தளைச் சீவல், வெட்டி விழுந்த தகட்டின் ஓரம். இத்தனைக்கும் அவர் பாவாடை விஷயத்தில் முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. நானாகச் செய்யட்டும் என்று விட்டிருந்தார்.

முதலில் காலண்டர் அட்டையில் வெட்டினேன். ஆனி மாத மழையில் எங்கள் ஊரில் அட்டை அட்டையாக இருக்காது. ஒரு வாரத்தில் ஊறி, உப்பி, அப்பளம் போல அலை அலையாக எழுந்துவிட்டது. அடுத்து பால் பவுடர் டின்னை வெட்டினேன். தகரக் கத்தரி வெட்டிய இடமெல்லாம் ஓரம் சுருண்டது, விரலும் அறுந்தது. எப்படியோ தட்டி நிமிர்த்தி, ஆலிவ் பச்சை எனாமல் அடித்து ஒட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடல் காற்று பெயிண்டுக்கு அடியில் புகுந்து, ஓரத்தில் செம்பழுப்பாகப் பூத்து, ஆவணிக்குள் பெயிண்டைச் செதில் செதிலாகத் தூக்கிவிட்டது. எங்கள் கூரைத் தகரத்தைத் தின்னும் உப்புக்கு என் டாங்கி எம்மாத்திரம்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்கு ஒரு சர்தார்ஜி தாத்தா வந்து தங்கினார். கிரேட் நிக்கோபாரில் காம்பெல் பேயில் 1969லிருந்து முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றினார்கள் அல்லவா, அப்படி வந்த பஞ்சாபிக் குடும்பம். கண் பார்க்கப் போர்ட் பிளேருக்கு வந்திருந்தார். 1965 பாகிஸ்தான் சண்டையில் சென்டூரியன் ஓட்டியவர் என்று கேள்விப்பட்டதும் டாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் அதை வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் வைத்து, மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழலைத் தொடவில்லை, கோபுரத்தைத் தொடவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நேராகப் பாவாடையின் கீழோரத்துக்குப் போயின. கிள்ளிப் பார்ப்பது போலத் தடவினார்.

"மோட்டா ஹை பேட்டா" என்றார். தடிமனாக இருக்கிறது. பிறகு, "பஹுத் சீதா, பஹுத் சாஃப்." ரொம்ப நேராக இருக்கிறது, ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

அவர் சொன்னதை எல்லாம் ஹிந்தியில் அப்படியே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊர்ப் பக்கம் கரும்புக் காட்டில் தண்ணீர் பாய்ச்சி விட்டிருந்தார்கள். எதிரியின் பாட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டன என்பது பாடப் புத்தகம் சொல்லும் கதை. அவர் சொன்னது சேறு நம் டாங்கிக்கும் சேறுதான் என்பது. பாவாடைக்கும் சங்கிலிக்கும் நடுவே மண்ணும் கரும்புத் தோகையும் அடைத்துக்கொள்ளும். ஆணியைக் கழற்றித் தகட்டைத் தூக்கி, கடப்பாரையால் குத்தி எடுக்க வேண்டும். மரத்தில் உரசும், வரப்பில் இடிக்கும், கீழோரம் உள்ளே மடங்கும். அலுத்துப்போய்க் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. "புதுசா இருக்கிற தகடு தொழிற்சாலையில் இருக்கிற தகடு" என்றார்.

எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு சந்து விட்டுக் காட்டினார். அந்தச் சந்தை நான் என் விரலில் அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன்.

"ரெண்டு நூல்" என்றார் அப்பா.

தகட்டு வேலையிலும் தச்சு வேலையிலும் இருப்பவர்களுக்கு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு நூல் என்றால் ஆறு மில்லி. அப்பா அன்றுதான் முதல்முறையாக என் டாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேப்பரும் பென்சிலும் கேட்டார். ஆறை முப்பத்தைந்தால் வகுத்தார். 0.17 மில்லி வந்தது. மறுநாள் என் டின் தகட்டில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், டாக்யார்டு மைக்ரோமீட்டரில் அளந்து, பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தார்: 0.28. அதை முப்பத்தைந்தால் பெருக்கினார். ஏறக்குறையப் பத்து மில்லி. "மூணு நூலைத் தாண்டிருச்சுடா. அந்தப் பெரியவர் கை தப்பாது."

கண்ணில் பார்த்தால் 0.28க்கும் 0.17க்கும் என்ன வித்தியாசம் தெரியப் போகிறது என்று நான் நினைத்தேன். தெரியும். சின்ன உருவத்தில் கண் முதலில் போய் நிற்பது ஓரங்களில்தான். ஓரம் தடித்திருந்தால் என்ன பெயிண்ட் அடித்தாலும் அது பொம்மையாகிவிடுகிறது. பல வருஷம் கழித்து இன்னொரு கிட் வாங்கி அதில் வந்த பிளாஸ்டிக் பாவாடையை அளந்தபோது ஒரு மில்லி இருந்தது. அசல் அளவுக்குக் கணக்குப் போட்டால் 35 மில்லி. சென்டூரியனின் உடற்பக்கக் கவசமே 51 மில்லிதான். அதன்மேல் இப்படி ஒரு பாவாடையைத் தொங்கவிட்டால் வண்டி நகருமா? கம்பெனியைக் குறை சொல்லவில்லை. அச்சில் உருக்கி ஊற்றும் பிளாஸ்டிக்கை அதற்கு மேல் மெலிதாக்குவது கஷ்டம். அதனால்தான் இந்த ஒரு பகுதியைக் கையால் செய்தாக வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டியில் தகடுகள் இருந்திருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

முப்பத்தைந்து என்ற விநோதமான எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா கம்பெனி பான்தர் டாங்கி செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் வயிற்றுக்குள் அடங்குகிற அளவுக்கு உடலை வைத்துக்கொண்டார்கள். பின்னால் அளந்து பார்த்தபோது அது 1/35 என்று வந்தது. பேட்டரியின் பருமன் தீர்மானித்த அந்த எண்தான் இன்று உலகம் முழுக்க டாங்கி மாதிரிகளுக்குப் பெருவழக்கான அளவு.

பாவாடை ஏன் மெலிதாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல காரணம் உண்டு. 1943ல் ஜெர்மானியர் தங்கள் டாங்கிகளின் பக்கவாட்டில் ஐந்து மில்லி இரும்புத் தகடுகளைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டார்கள். சோவியத் வீரர்கள் பள்ளத்தில் படுத்துக்கொண்டு சுடும் 14.5 மில்லி டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியின் குண்டு, பக்கக் கவசத்தின் மெலிந்த இடத்தைத் துளைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குண்டை மெல்லிய தகடு தடுத்து நிறுத்திவிடாது. துளைத்துப் போகிற வேகத்தில் குண்டைத் தடுமாற வைக்கும், கோணலாக்கும். கோணலான குண்டு உள்ளே இருக்கும் கவசத்தில் பக்கவாட்டில் மோதி வீணாகும். அதற்கு இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இடைவெளிதான் பாதி வேலையைச் செய்கிறது. பிரிட்டிஷார் சென்டூரியனில் மாட்டியபோது மனதில் வைத்தது பசூக்கா ரகக் குண்டுகளை. தகட்டில் பட்டு முன்கூட்டியே வெடித்துவிட்டால், உள்ளிருந்து பாயும் உலோகத் தாரை கவசத்தைச் சேர்வதற்குள் சிதறட்டும் என்பது கணக்கு. எல்லாக் குண்டுக்கும் அந்தக் கணக்கு பலித்ததென்று சொல்ல முடியாது. போதாத இடைவெளி சில குண்டுகளுக்கு உதவியாகக்கூட முடியும்.

இதில் எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் சர்தார்ஜி தாத்தா சொன்னதை வைத்து அவர் பிடித்துக்கொண்டது அதேதான். "தகட்டை ஒட்டிராதே. தொங்கவிடு. உள்ள நிழல் விழணும்."

0.17 மில்லிக்குத் தகடு எங்கே தேடுவது? பற்பசை டியூபை வெட்டி விரித்துப் பார்த்தோம். அளவு கிட்ட வந்தது, ஆனால் தொட்டால் குழிகிற மென்மை. அப்பாதான் மாமாவுக்கு எழுதச் சொன்னார். மாமா சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். காலண்டர் அச்சாகும் அலுமினியத் தகடு ஓடி முடிந்ததும் பழைய இரும்புக் கணக்கில் போய்விடும். பெரிய மெஷின் தகடு 0.3 மில்லி, சின்ன மெஷின் தகடு 0.15. சின்னதுதான் வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதினேன். கடிதம் கப்பலில் போய், பதில் கப்பலில் வந்து, தீபாவளிக்கு முந்தின வாரம் தெரிந்தவர் ஒருவர் கையில் ஒரு நீள உருளை வந்து சேர்ந்தது. காலண்டர் சுற்றி அனுப்பும் அதே அட்டை உருளை. உள்ளே ஒரு தகடு.

விரித்தால் முருகன். ஒரு படத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு தகடு. எங்களுக்கு வந்தது நீலத்துக்கானது. அதனால் மயில் மட்டும் நிறைந்து தெரிந்தது. சுவாமியின் முகம் மெல்லிய புள்ளிகளாக, பனிக்குள் இருப்பது போல.

"சாமியை வெட்டப் போறியா?" என்று அம்மா தகட்டைப் பிடுங்கிக்கொண்டாள். வெகுநேரப் பேச்சுக்குப் பிறகு முடிவானது இது: முகமும் வேலும் உள்ள பகுதி பூஜை அலமாரிக்கு. தோகையில் மட்டும் நான் கை வைக்கலாம். அதன் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. ஆகவே தோகை உட்பக்கம் பார்க்க, மழமழப்பான பின்பக்கம் வெளியே வர வேண்டும். பெயிண்ட் பிடிக்கிற சொரசொரப்பு படம் இருக்கும் பக்கத்தில்தான். வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று.

வெட்டும் விதத்தை அப்பா அன்று காட்டிக்கொடுத்தார். கத்தரி கூடாது. காகிதத்தில் மாதிரி வெட்டி, தகட்டில் வைத்து, கோடு போடும் ஊசியால் ஒரே ஒரு முறை இழுக்க வேண்டும். பிறகு இரும்பு ஸ்கேலை வைத்து பிளேடின் முதுகால் அதே கோட்டில் எட்டுத் தடவை, பத்துத் தடவை. அழுத்தக் கூடாது; பிளேடின் எடை போதும். கோடு வெள்ளியாக மின்னத் தொடங்கும்போது, பாடாக்கு மரக்கட்டையின் விளிம்பில் வைத்து மேலே ஒரு மடக்கு, கீழே ஒரு மடக்கு. டிக் என்ற சத்தத்தோடு கையில் வந்துவிடும். ஓரம் சுருளாது, பிசிறு இருக்காது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சரியா தப்பா என்று அப்பா சொல்வார், தலையைத் திருப்பாமலே.

ஆணித் தலைகளுக்கு சைக்கிள் டியூப் ரப்பரின் மேல் தகட்டைக் குப்புறப் போட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் முனையால் அழுத்தினோம். மறுபக்கம் கடுகில் பாதிகூட இல்லாத மேடு எழும். வரிசை கோணாமல் இருக்க நோட்டுப் புத்தகக் கோடு போட்ட தாளை ஒட்டிக்கொண்டேன். பெரிய ஆணிகளுக்கு, பிளாஸ்டிக் சட்டத்தில் மிஞ்சிய குச்சியை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி இழுத்தால் நூலாக நீளும். அதைச் சீவல் சீவலாக நறுக்கி ஒவ்வொன்றாக ஊசி முனையில் எடுத்து வைத்தேன். மாட்டும் கொண்டிகளுக்கு அதே தகட்டில் மெல்லிய கீற்று வெட்டி எல் வடிவில் மடித்தோம். பிளாஸ்டிக் பசை அலுமினியத்தில் ஒட்டாது; அரால்டைட்தான் ஒட்டும். அது இறுகுவதற்குள் தகட்டைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் கீழே என்று நகர்த்தி வைக்க நேரமும் கிடைக்கும்.

எல்லாம் மாட்டி முடித்த இரவு, அப்பா மேஜை விளக்கைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் வைத்தார். பாவாடைக்குப் பின்னால் சக்கரங்கள் இருட்டுக்குள் போயின. வெளியே கூரைத் தகரத்தில் மழை. அவர் தன் கட்டை விரல் நகத்தால் முன்பக்கத் தகட்டின் கீழோரத்தை லேசாக உள்ளே தள்ளினார், ஒரே ஒரு இடத்தில். நான் பதறிப்போனேன். "வரப்புல இடிச்சது" என்றார்.

1998ல் வேலை விஷயமாகப் புனே போனபோது, ஒரு நாள் ஒதுக்கி அகமதுநகர் போய்க் கவசப் படையின் டாங்கி அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். 1994ல் திறந்தது. வெட்டவெளியில் வரிசையாக டாங்கிகள் நிற்கின்றன. சென்டூரியனுக்கு முன்னால் நின்றதும் மற்றவர்கள் குழலைப் பார்க்க, நான் குனிந்து பாவாடையின் ஓரத்தைப் பார்த்தேன். இரண்டு விரலால் கிள்ளினேன். ரெண்டு நூல்.

2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணி. பூமி ஆடத் தொடங்கியபோது நாங்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தோம். பிறகு கடல் உள்வாங்கியதையும் திரும்பி வந்ததையும் மேட்டிலிருந்து பார்த்தோம். தாழ்வான இடங்களில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார்கள். எங்கள் வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று எண்ணவில்லை. அம்மா இரண்டு அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டே இருந்தாள். காம்பெல் பேயைப் பற்றிச் செய்தி வருமா என்று ரேடியோவைத் திருகியபடி இருந்தோம். போர்ட் பிளேர் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். அப்பா முப்பது வருஷம் வேலை பார்த்த படித்துறைப் படிகளில் சில அதற்குப் பிறகு வற்றத்தின்போதுகூட வெளியே வரவில்லை.

அலமாரி கவிழ்ந்திருந்ததை நான் கவனித்தது நான்காம் நாள். டாங்கியின் குழல் ஒடிந்து, ஒரு பக்கச் சக்கரங்கள் சிதறியிருந்தன. இருபத்திரண்டு வருஷத்துப் பிளாஸ்டிக், கண்ணாடி போல உடைந்துவிட்டது. பாவாடை உடையவில்லை. இடப்பக்கத் தகடு நடுவில் மடங்கி, பின்கொண்டி கழன்று, ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு அப்போது வயதாகிவிட்டிருந்தது. கை நடுக்கம் வந்திருந்தது. வாங்கி, சர்தார்ஜி தாத்தா செய்தது போலவே ஓரத்தைத் தடவிப் பார்த்தார். நிமிர்த்தித் தாருங்கள் என்று பாடாக்குக் கட்டையையும் மரச்சுத்தியையும் எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். அவர் சுத்தியைத் தொடவில்லை. மடங்கிய தகட்டை விளக்குக்கு நேரே திருப்பினார். உள்பக்கத்தில் மயில் தோகையின் ஒரு கண் அப்படியே இருந்தது.

"குழலை ஒட்டு, சக்கரத்தை ஒட்டு" என்றார். "இது இப்படியே இருக்கட்டும்."